நாலு இருபது, ஒரு நாலு

ஜூன் 19

பிளஸ் ஒன் படிவத்தில் மொழிப்பாடத்துக்கு நேரே பிரெஞ்சு என்று எழுதிக் கொடுத்தாயிற்று. பாண்டிச்சேரிப் பிள்ளை, தாத்தா காலத்து பந்தம் என்று யாராவது கதை கட்டுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மார்க்தான். தமிழில் தலைகீழாக நின்றாலும் வராத மார்க் பிரெஞ்சில் சும்மா வருமென்று சீனியர் அக்காக்கள் சத்தியம் செய்கிறார்கள். கூடவே, புணர்ச்சி விதியிலிருந்து விடுதலை.

ஜூன் 28

விடுதலையாவது! ‘லே’ தனி, ‘அமி’ தனி. சேர்த்துச் சொன்னால் ‘லேஸமி’யாம், நண்பர்கள். நடுவில் எங்கிருந்தோ ஒரு ‘ஸ’ குதிக்கிறது. “இது தோன்றல் விகாரம்தானே மிஸ்?” என்றேன். சிரித்துவிட்டு, இதற்குப் பெயர் லியேஸோன் என்றார்.

நீ, நீங்கள் மாதிரி ‘தூ’, ‘வூ’. அது பழகினதுதான். ஆனால் நாற்காலி பெண், புத்தகம் ஆண். அஃறிணை என்ற நல்ல ஏற்பாடு இவர்களுக்குத் தோன்றவே இல்லை. எண்கள் அதைவிட மோசம். 80 என்றால் நாலு இருபது. 97 என்றால் நாலு இருபது, பத்து, ஏழு. மனக்கணக்கு வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 9

எதிர்வீட்டு ஆயா கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். அவர் வீட்டுக்காரர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய். அல்ஜீரியாவில் இருந்தவர். 1962இல் பாண்டிச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டவர். அவர் போன பிறகு பென்ஷன் ஆயாவுக்கு வருகிறது. கடிதங்களும்தான். ஆயாவுக்கு ஒரு வரி தெரியாது.

“கடைசியில நீளமா எழுதியிருக்கானே, பணத்தை நிறுத்தப் போறானா பாரு கண்ணு.”

அகராதியோடு முக்கால் மணி நேரம். ‘தாங்கள் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்’ என்று தொடங்கியதும் எனக்கே வயிற்றைக் கலக்கியது. எதை ஏற்க? வணக்கத்தை. ஒன்றரை வரிக்கு ‘இப்படிக்கு’! மேலே இருந்த நாலு சொல்தான் விஷயம்: வருடா வருடம் அனுப்பும் உயிரோடிருக்கும் சான்றிதழை மறுபடி அனுப்ப வேண்டும்.

ஆயா அதன் பிறகுதான் வெற்றிலை மடித்தார்.

ஜூலை 14

பிரான்சின் தேசிய தினம். ஆயாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம், மெடல் குத்திய தாத்தாக்கள், இரண்டு நாட்டுப் பாட்டும். பிரெஞ்சுப் பாட்டுக்கு ஆயாவின் உதடு அசைந்தது. சொல் எல்லாம் தப்பு, ராகம் சரி. திரும்பும்போது, “அதுல என்ன சொல்றான்?” என்றார். முதல் வரி மட்டும் தெரிந்தது, சொன்னேன். மீதியை இந்த வாரம் படித்து வைக்க வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லை.

ஆகஸ்ட் 3

யூனிட் டெஸ்டில் பெண்பால் ‘எ’ விட்டதற்கு மூன்று மார்க் போச்சு. சாயங்காலம் ஆயாவின் படிவத்தை நிரப்பினேன். அதோடு என் கையால் இரண்டு வரிக் கடிதமும் வைக்கச் சொன்னார். ‘எனக்கு நாலு இருபது, நாலு வயது. நான் உயிரோடிருக்கிறேன்.’ ‘விவோன்’ என்று எழுதிவிட்டு, நல்லவேளை நினைவு வந்து, கடைசியில் ‘எ’ சேர்த்து ‘விவோந்த்’ ஆக்கினேன்.

“என்னத்தை ஒட்டுற?”

“உயிரோடிருக்கிறது பொம்பளைன்னு காட்டணும் ஆயா.”

“இந்த வயசுல அது எதுக்குடி அவனுக்கு?”