சின்ன வசந்தி எழுதுவது

நம் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவிலிருந்து பேசிய தங்கச்சி முதலில் கேட்டது, "நீங்கள் எந்த வசந்தி அக்கா?" என்றுதான். லண்டன் கிளையின் அங்கத்தவர் பட்டியலில் இந்தப் பெயரில் இன்னும் நான்கு பேர் இருக்கிறோமாம். நான் யோசிக்காமல் "சின்ன வசந்தி" என்றேன். வயது அறுபத்து மூன்று. முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்பதில்லை. பேத்தியும் வந்துவிட்டாள். ஆனாலும் நம் பள்ளிக்கூடத்துக்கு நான் சின்ன வசந்திதான்.

1975இல் எட்டாம் வகுப்பில் முப்பத்தாறு பேர் இருந்தோம். அதில் மூன்று வசந்தி, இரண்டு ஜெயந்தி. த. வசந்தி கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடி வசந்தி. அவளால் சிக்கல் இல்லை. சிக்கல் மற்ற இருவராலும்தான், இரண்டு பேருமே க. வசந்தி. என் அப்பா கனகசபை, அவளுடைய அப்பா கந்தசாமி. வகுப்பு ரீச்சர் இடாப்பில் 'கன. வசந்தி' என்றும் 'கந். வசந்தி' என்றும் எழுதிப் பார்த்தார். எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. வாயால் கூப்பிடும்போது எந்த 'ன்', எந்த 'ந்' என்று யாருக்குத் தெரியும்? இரண்டு பேரும் ஒன்றாக "உள்ளேன் ரீச்சர்" என்போம், வகுப்பு சிரிக்கும். கடைசியில் பிள்ளைகளே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவள் வீடு கோயில் வீதியில் இருந்தபடியால் கோயிலடி வசந்தி. நான் முன்வாங்கில் உட்காரும் உயரம் என்பதால் சின்ன வசந்தி.

எங்களுக்கு முந்திய தலைமுறையில் இந்த இடம் ஈஸ்வரிகளுடையது. ஆசிரியர் அறையிலேயே மகேஸ்வரி, பரமேஸ்வரி, இராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று ஒரு சபை இருந்தது. என் அம்மா யோகேஸ்வரி. எங்கள் ஒழுங்கையில் நின்று "ஈசு" என்று ஒரு குரல் கொடுத்தால் ஐந்து வீட்டுப் படலை திறக்கும். அதை ஒருவரும் குறையாக நினைத்ததாக எனக்கு நினைவில்லை. அம்மனுக்கு ஆயிரம் பெயர் இருந்தாலும் ஊருக்குப் பிடித்தது பத்துத்தான் என்பார் அம்மா.

எனக்கு ஆனால் அது குறையாகத்தான் இருந்தது. 1977 பரிசளிப்பு விழாவுக்குப் பிறகு குறை கோபமாகவும் மாறியது. அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் கோயிலடி வசந்தி கனடாவிலிருந்து போன் எடுத்து ஏசுவாள்.

தமிழ்க் கட்டுரைப் போட்டிக்கு நாங்கள் இரண்டு பேருமே எழுதியிருந்தோம். மேடையில் "முதலாம் இடம், க. வசந்தி" என்று வாசித்தார்கள். நான் எழும்பிப் போனேன். வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, இரட்டைப் பின்னலுக்குப் புது ரிப்பன் கட்டி அம்மா அனுப்பியிருந்தா. அந்த ரிப்பனே எனக்கு நிச்சயத்தைத் தந்திருக்க வேண்டும். பிரதம விருந்தினரின் மனைவி ஒரு தடித்த புத்தகத்தைத் தந்தார். கீழே வந்து உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டு: இடாப்பு இலக்கம் 31. என்னுடைய இலக்கம் 32.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு வரிசை பின்னால் கோயிலடி வசந்தி எல்லாரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். தன் பெயர்தான் வாசிக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கட்டுரையில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்பது முழு வகுப்புக்கும் தெரியும். மேடைக்குப் போன எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

பின்னேரம் அழுதபடி புத்தகத்தைக் கொண்டு போய் அவள் வீட்டுத் திண்ணையில் வைத்தேன். அவள் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். "நீ முதல் வாசிச்சிட்டுத் தா, எனக்கு இப்ப கணக்குப் பாடம் கிடக்கு" என்றாள். அப்புறம் அந்தப் புத்தகம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பல வருடம் போய் வந்தது. 1987 மே மாதம் யாழ்ப்பாணத்தில் எங்கள் வடமராட்சிப் பகுதியில் இராணுவ நடவடிக்கை நடந்தபோது எல்லாவற்றோடும் அதுவும் போய்விட்டது. அந்த நேரம் அது எந்த வீட்டில் இருந்தது என்பதில் எங்களுக்கு இன்றுவரை உடன்பாடில்லை. அவள் வீட்டில் என்று நான் சொல்கிறேன், என் வீட்டில் என்று அவள் சொல்கிறாள்.

அடுத்த வருடம் கலியாணமாகி லண்டன் வந்தேன். வேலை செய்த இடத்தில் நான் ஒருத்திதான் வசந்தி. அவர்கள் அதையும் 'வாஸ்' என்று நறுக்கிவிட்டார்கள், அது வேறு கதை. பெயரைத் தனியாக வைத்திருக்கும் ஆசை நிறைவேறிவிட்டது என்று சந்தோசப்பட்டிருக்க வேண்டும். முதல் குளிர்காலம் முழுக்க எனக்குப் பின்னாலிருந்து யாரும் இன்னொருத்தியை "வசந்தி" என்று கூப்பிடவில்லை. பிழையாகத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் கழுத்தை விட்டுப் போக அதற்குப் பிறகும் கன நாள் எடுத்தது.

1991இல் மகள் பிறந்தபோது அந்தப் பழைய கோபத்தையெல்லாம் சேர்த்து, உலகத்தில் ஒருத்திக்கும் இல்லாத பெயராக வைக்க வேண்டும் என்று நின்றேன். எழில்விழி. இரண்டு ழகரம். இவர் அப்போதே, "இந்த ஊர்ச் சனத்துக்கு ஒரு ழகரமே பெரும்பாடு" என்று சொன்னார், நான் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இரண்டு எழுத்துச் சேர்த்தோம். அதைப் பார்த்தவர்கள் "எஸில்விஸி" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் புது ஆசிரியர் இடாப்பு வாசித்துக்கொண்டு போய் ஓர் இடத்தில் நின்றுவிடுவாராம். அந்த நிற்பிலேயே அடுத்தது தன் பெயர் என்று வகுப்புக்கே தெரிந்துவிடுமாம். ஆசிரியரை மேலும் கஷ்டப்படுத்தாமல் அவளே கையைத் தூக்கிவிடுவாளாம். இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது முப்பது வயதில். கடற்கரைக் கடைகளில் பெயர் போட்ட சாவிக்கொத்து தொங்கும் தட்டுகளைச் சின்ன வயதில் அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்ததை நானும் கண்டிருக்கிறேன். சாவிக்கொத்து வேண்டுமாக்கும் என்று நினைத்து வேறொன்று வாங்கிக் கொடுத்தேன். புத்திசாலித் தாய்!

2022இல் அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நட்சத்திரம் மகம். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்று சம்பந்தி வீட்டார் வழக்கம்போலத் தொடங்கினார்கள், நல்லகாலம் இரண்டிலும் மகம்தான் வந்தது. மகத்துக்குப் பெயரின் முதலெழுத்து ம, மி, மு, மெ. திருவாதிரை என்றால் ஙகரமும் பட்டியலில் வரும், ஙகரத்தில் என்னதான் பெயர் வைப்பது? எனவே 'ம' கிடைத்தது பெரிய விஷயம். மகள் முன்பே 'மாயா' என்று நினைத்து வைத்திருந்தாள். தமிழ் நாக்கும் ஆங்கில நாக்கும் ஒரே மாதிரிச் சொல்லும், யாரும் நடுவில் நிற்கத் தேவையில்லை. எழுத்தும் பொருந்திவிட்டது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. இவர் மட்டும், "ஆணவம், கன்மம், மாயை. மும்மலத்தில் ஒண்டைப் பிள்ளைக்கு வைக்கிறீங்கள்" என்றார். நம் பள்ளிக்கூடத்தில் சைவசமயப் பாடம் படித்த எனக்கும் அது முதலிலேயே தட்டுப்பட்டதுதான். வாயைத் திறக்கவில்லை.

பிறந்து இருபதாம் நாளோ என்னவோ, இரவு பதினொரு மணிக்கு மகள் போன் எடுத்தாள். பிள்ளைக்குத்தான் ஏதோ என்று பதறிப்போனேன்.

"அம்மா, எல்லாரும் மாயா எண்டுதான் வைக்கினம்."

இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் வருடா வருடம் குழந்தைப் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தேசிய புள்ளிவிபர அலுவலகம் வெளியிடும். அப்போது கையிலிருந்தது 2020 பட்டியல். பெண்களில் முதலிடம் ஒலிவியா, ஆண்களில் ஒலிவர். மாயா முதல் நூறுக்குள் நின்றது. அத்தோடு அந்தப் பட்டியலில் எழுத்துக் கூட்டல் ஒன்று மாறினாலும் வேறு பெயராகத்தான் எண்ணுவார்கள். முகமது என்ற பெயர் பல கூட்டல்களில் பிரிந்து கிடந்ததால்தான் நெடுநாள் முதலிடத்துக்கு வரவில்லை. 2023 பட்டியலில் அதன் ஒரு கூட்டல் தனியாகவே முதலிடத்தைப் பிடித்தது. மாயாவையும் இங்கே இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்திருக்கிறாள். தன் பெயரையும் தேடினாளாம். மூன்று பேருக்குக் குறைவாக வைத்த பெயரை அந்தப் பட்டியலில் போடமாட்டார்கள். எழில்விழி அதில் எப்படி இருக்கும்?

"உங்கட வகுப்பு மாதிரி என்ரை பிள்ளையும் மூண்டில ஒண்டாய் நிக்கப்போறாள்" என்றாள். என் கோபத்தை நான் அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

நாள் வேறு நெருக்கியது. எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்க வேண்டும். இங்கத்தைய சட்டத்தில் நாற்பத்திரண்டு நாளுக்குள் பதிய வேண்டும். சாத்திரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் பதினொரு நாள். அந்த நாட்களில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பெயர் மழை. மித்ரா, மிதுலா, மகிழினி, முகில். மகிழினியில் ழகரம் இருக்கிறது என்று மகள் உடனே வெட்டிவிட்டாள்.

ஆறுதலுக்குக் கோயிலடி வசந்திக்கு எடுத்தேன். அவள் ஸ்காபரோவில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவள், உணர்ச்சியைவிட எண்ணிக்கையில் நம்பிக்கை அதிகம். "நூறு பெட்டைக்கு எத்தனை எண்டு முதல் கணக்குப் பாரடி" என்றாள். அப்போது பார்க்கவில்லை, பிறகு 2023 பட்டியல் வந்தபோது பார்த்தேன். அந்த வருடம் பிறந்தவர்கள் 591,072 பேர், அதில் பாதிக்குச் சற்றுக் குறைய பெண்கள். முதலிடத்தில் நின்ற ஒலிவியா 2,906. முதலாவது பெயரே நூறு பெண் பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான் என்றால், அதற்குக் கீழே எங்கேயோ நிற்கும் மாயா எத்தனை பேருக்கு? எங்கள் எட்டாம் வகுப்பில் முப்பத்தாறில் மூன்று. பன்னிரண்டுக்கு ஒருத்தி! அந்தக் காலத்து வடமராட்சியின் பக்கத்தில் நிற்கவும் இந்த நாட்டுப் பட்டியலால் ஏலாது.

ஆனால் கணக்கு முழுக்கச் சரியென்றும் சொல்லமாட்டேன். எங்கள் பிள்ளைகள் நாட்டின் சராசரிக்குள் வளர்வதில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஒரே வகுப்பில் இரண்டு ஆதிரா, இரண்டு ஆரணி. நாங்கள் எல்லாரும் ஒரே கவலையோடு ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்து, வெள்ளைக்காரருக்கும் வாயில் வருகிற மாதிரித் தேடினால் ஒரே பெயரில் போய்த்தானே முட்டுவோம்?

கோயிலடி வசந்தி கணக்கோடு நிற்கவில்லை. "எனக்கு வந்த ஏச்சில பாதியை நீதானே வாங்கினாய். உன்ரை மகளுக்கு அதைச் சொன்னனியோ?" என்றாள். சொல்லியிருக்கவில்லை. பரிசளிப்பு விழாவில் எனக்கு நடந்த அவமானத்தைச் சொல்லியிருந்தேன். புத்தகம் ஒழுங்கையில் போய் வந்ததைச் சொன்னதேயில்லை. அன்றிரவு சொன்னேன். மகள் "ம்" என்று மட்டும் கேட்டாள், பிள்ளை அழத் தொடங்கியதும் போனை வைத்துவிட்டாள்.

முப்பத்தெட்டாம் நாள் போய்ப் பதிந்தார்கள். மாயா.

இப்போது அவளுக்கு மூன்று வயது, நேர்சரிக்குப் போகிறாள். மகள் பயந்தபடியே அங்கே இன்னொரு மாயா. சட்டை கொழுவும் கொக்கிக்கு மேலே 'மாயா கே', 'மாயா எஸ்' என்று ஒட்டியிருக்கிறார்கள். பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நமக்கு முன்னால் நின்ற முதலெழுத்து, இந்த ஊரில் பின்னால் போய் நிற்கிறது.

போன மாதம் ஒருநாள் நான்தான் கூட்டி வரப் போனேன். பஸ்ஸில் அவளுடைய பையைத் திறந்தால் உள்ளே இரண்டு படம். ஒன்றில் நீலப் பூனை, 'மாயா கே'. மற்றதில் ஏதோ சிவப்பாக, 'மாயா எஸ்'.

"இது உங்கட இல்லையே, குஞ்சு?"

"மற்ற மாயான்ரை, அம்மம்மா. நாளைக்குக் குடுப்பன்."

வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜ் கதவில் இரண்டையும் ஒட்டச் சொன்னாள். சிவப்பை மேலே.