நியூயார்க் கல்வாரி

நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் உள்ள கல்வாரி கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 30 லட்சம் பேர் அடக்கமாகி இருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே அதிகம் பேர் துயிலும் இடம் இதுதான்.

மன்ஹாட்டனில் கோயில் கல்லறைகள் காலராவாலும் குடியேறிகள் பெருக்கத்தாலும் நிரம்பி வழிந்தன. பழைய புனித பேட்ரிக் பேராலயத்தார் 1845இல் ஆற்றுக்கு அப்பால் நிலம் வாங்கினார்கள். 1848இல் முதல் அடக்கம். சவப்பெட்டிகள் படகேறித்தான் வந்தன.

1852 வாக்கிலேயே ஒரு நாளைக்கு 50 அடக்கங்கள். அதில் பாதிப்பேர் ஏழு வயதுகூட நிரம்பாத ஐரிஷ் ஏழைக் குழந்தைகள். பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்தவர்கள் பெற்ற பிள்ளைகள், ஐயோ! இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கல்லறைகளுக்குப் பின்னால் மன்ஹாட்டன் கோபுரங்கள் தெரியும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் ஒரு சின்ன மூலை. நிலத்தை விற்ற ஆல்சப் குடும்பம் புராட்டஸ்டண்ட். அவர்களுடைய பழைய குடும்பக் கல்லறைகளை அப்படியே காப்பதாக ஒப்புக்கொண்டுதான் கத்தோலிக்கர்கள் வாங்கினார்கள். அந்தக் கல்லறைகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.