பத்து நிமிட நடைக்கு என்ன விலை?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், வீட்டில் கட்டும் சேலை ஒன்றுக்கு 450 ரூபாய் என்று கடைக்காரர் சொன்னதும், தெருக்கோடியில் அதே சேலை 100 ரூபாய் குறைவு என்று யாரோ சொன்னதை நம்பி, பெரியம்மா என்னையும் வெயிலில் நடத்தி அழைத்துச் சென்றார். அடுத்த வாரம் கல்யாணத்துக்காக 18,000 ரூபாய்க்குப் பட்டு எடுத்தபோது, நான்கு கடை தள்ளி 300 ரூபாய் குறையும் என்று நானே சொன்னேன். "முந்நூறு ரூபாய்க்காக இன்னொரு கடை ஏறி இறங்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டார்.

இதே கேள்வியை உளவியலாளர்கள் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டிருந்தார்கள். ஐந்து டாலர் மிச்சம் பிடிக்க 20 நிமிடம் வண்டி ஓட்டிச் செல்வீர்களா என்று கேட்டபோது, பொருளின் விலை 15 டாலர் என்றால் 68 சதவீதம் பேரும், 125 டாலர் என்றால் 29 சதவீதம் பேர் மட்டுமே செல்வோம் என்றார்கள். மிச்சமாகும் பணமும் அலைச்சலும் இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் பதில் மாறுவது பகுத்தறிவுக்கு முரண்.

பொருளாதாரக் கோட்பாடு பேசும் பகுத்தறிவு, நம்மூர் மேடைகளில் ஒலிக்கும் பகுத்தறிவு அன்று. எந்த இரண்டையும் ஒப்பிட்டு எது மேல் என்று சொல்ல முடிய வேண்டும், வஞ்சிரம் சங்கராவைவிட மேல், சங்கரா மத்தியைவிட மேல் என்றால் வஞ்சிரம் மத்தியைவிட மேலாக இருக்க வேண்டும். அடிப்படையில் அது கேட்பது இவ்வளவுதான். விருப்பம் நல்லதா என்று அது கேட்பதில்லை.

பெரியம்மாவிடம் இரண்டு சேலைக் கதையையும் அடுத்தடுத்து வைத்தேன். சிரித்துவிட்டு, "ஆமா, பட்டுக்குத்தான் நடந்திருக்கணும்" என்று ஒப்புக்கொண்டார். 1952-இல் பாரிசில் பொருளாதார அறிஞர் மாரிஸ் அலே வைத்த கேள்விகளுக்கு, பகுத்தறிவான தேர்வு பற்றிய தன் கோட்பாட்டுக்கே முரணாகப் பதில் சொல்லி மாட்டிக்கொண்ட புள்ளியியலாளர் லியோனார்ட் சாவேஜும், பின்னர் யோசித்துப் பார்த்துத் தன் தேர்வே பிழை என்று திருத்திக்கொண்டார்.

ஆனால் வளையல் விஷயத்தில் பெரியம்மா அசையவில்லை. வங்கியில் 60,000 ரூபாய் வைப்பு இருக்கும்போதே, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வளையலை அடகு வைத்திருந்தார். ஆண்டுக்கு 24 சதவீதம் கட்டிக்கொண்டு அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தராத வைப்பைக் காப்பது முரண் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"பேங்குல இருக்கறத எடுத்தா திரும்பப் போடுவேனா? வளையல்னா மீட்கற வரைக்கும் தூக்கம் வராது."

தன் கையை நம்பாமைக்கு அவர் தரும் கூலிதான் அந்த வட்டி என்று வைத்துக்கொண்டால் முரண் மறைந்துவிடுகிறது. இப்படி எதையும் விருப்பக் கணக்கில் சேர்த்தால் தவறவே முடியாத கோட்பாடு ஒன்று மிஞ்சும். அதனால் எதையும் விளக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே முரண் எது என்பதை, எடுத்துக் காட்டிய பிறகு அவரவர் திருத்திக்கொள்கிறாரா என்பதை வைத்தே முடிவு செய்கிறேன். பட்டுச் சேலையில் பெரியம்மா பிழை செய்தார். வளையலில், ஆவணிக்குள் மீட்டுவிடுவதாகச் சொல்லி மாதா மாதம் வட்டி கட்டி வருகிறார். வைப்பில் இன்றுவரை கை வைக்கவில்லை.