செவலையின் முதுகுக் கொழுப்பு

போன வருடம் எங்கள் செவலை (ஜெர்சி கலப்பு, மூன்றாவது ஈற்று) கன்று போட்டு மூன்று வாரம் இருக்கும், பால் சொசைட்டியில் அவள் பாலுக்கு ஃபேட் (கொழுப்பு) 6 சதவீதத்தைத் தாண்டியது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். நான்கு நாள் கழித்து, தவிட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். நீலகிரியில் எங்கள் கேத்தியில் உறைபனி விழுகிற காலை, மூச்சு ஆவியாய்ப் போகிறது, கிட்டே குனிந்தால் நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாடை. டாக்டர் வந்து கீட்டோசிஸ் என்றார், ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று குளுக்கோஸ் ஏற்றினார்.

"தினம் ஒரு கூடை கேரட் திங்கிறாளேடா, அவளுக்கா சர்க்கரை பத்தல?" என்று அம்மா கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. மாடு தின்கிற சர்க்கரை கிட்டத்தட்ட மாட்டுக்குப் போவதே இல்லை, பெருவயிற்றில் (தீவனம் முதலில் போய்ச் சேரும் வயிறு) இருக்கிற நுண்ணுயிர்கள் முதலில் தின்றுவிடுகின்றன. அவை கழித்துத் தள்ளும் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்கள்தான் மாட்டின் முக்கியமான சாப்பாடு. அதில் புரோப்பியோனேட்டை எடுத்துக் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 70 கிராம் குளுக்கோஸ் என்றால், 12 லிட்டர் கறக்கும் செவலைக்கு மடிக்கு மட்டுமே முக்கால் கிலோவுக்கு மேல் போகிறது. அதில் பெரும்பகுதி லாக்டோஸாக, அதாவது பாலின் சர்க்கரையாக மாறும், லாக்டோஸ்தான் தண்ணீரை இழுத்துப் பாலின் அளவைத் தீர்மானிக்கிறது.

இதையெல்லாம் கணக்காக எழுதிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால்ட்வின் குழு 1987இல் வெளியிட்ட கணினி மாதிரிக்கு 'மோலி' என்று ஒரு மாட்டுப் பெயரே உண்டு. ஒவ்வொரு சத்தும் ஒரு தொட்டி மாதிரி, எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, அந்த வேகம் எதைப் பொறுத்து மாறுகிறது என்று சமன்பாடு போட்டு, நேரத்தை நகர்த்திக்கொண்டே போகிறார்கள். அதில் எனக்குப் புரிந்த அளவுக்கு எக்செல்லில் சின்னதாக ஒன்று போட்டேன். கல்லீரல், மடி, முதுகுக் கொழுப்பு, மூன்றே தொட்டி.

ஓடவிட்டுப் பார்த்தால், கன்று போட்ட உடனே பால் மளமளவென்று ஏறுகிறது, பசி அந்த வேகத்துக்கு ஏறுவதில்லை, பல வாரம் பின்தங்கியே வருகிறது. நடுவில் விழுகிற பள்ளத்தை உடம்புக் கொழுப்பு கரைந்து நிரப்புகிறது. கரைந்ததில் ஒரு பங்கு நேராக மடிக்குப் போய்ப் பாலின் கொழுப்பாகிறது. இன்னொரு பங்கு கல்லீரலில் குவிந்து, எரித்து முடிக்க முடியாமல் கீட்டோனாக வெளியே வருகிறது, அவள் மூச்சில் அடித்த வாடை அதுதான், டாக்டர் சொன்ன கீட்டோசிஸும் அதுதான். அப்படியானால் சொசைட்டி மெஷின் காட்டிய அந்த 6-இல் ஒரு பங்கு செவலையின் முதுகிலிருந்து வந்தது. நாங்கள் அதற்குத்தான் சந்தோஷப்பட்டிருக்கிறோம். அன்றைக்கு இரவு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

உடனே அடர்தீவனத்தை அள்ளிக் கொட்டவும் முடியாது, பெருவயிறு புளித்துப்போகும். கன்று போடுவதற்கு மூன்று வாரம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும், சினையில் அதிகம் கொழுக்கவும் விடக் கூடாது, கொழுத்த மாட்டுக்குத்தான் கீட்டோசிஸ் சீக்கிரம் வரும்.

இப்போது செவலை மறுபடி சினை, ஏழாவது மாதம். அம்மா தினமும் சாயங்காலம் அவள் வால் அடியிலும் இடுப்பெலும்பிலும் கொழுப்பு எவ்வளவு என்று கையை அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எழுதிக்கோ" என்கிறார். எழுதிக்கொள்கிறேன்.