செத்துக் கிடந்த ஒரு பகல்

மாமா போனில் கேட்டது ஒரே கேள்விதான். "மாப்பிள்ளை, படுகளத்தில் செத்துக் கிடக்க ஓர் ஆள் குறைகிறது. வருகிறாயா?"

அம்மா பிறந்த ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பதினெட்டு நாள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் துரியோதனன் படுகளம், அதாவது அவன் விழும் போர்க்களத்தை ஊரே கூடி நடத்தும் சடங்கு, அன்று மாலையே தீமிதி. அந்தப் படுகளத்தில் அசுவத்தாமனால் வெட்டுண்ட திரௌபதியின் ஐந்து பிள்ளைகளாக ஊர்க்காரர்கள் ஐந்து பேர் படுப்பார்கள். கூத்தாடிகளுக்கு அதில் வேலை இல்லை. இந்த முறை படுக்கவேண்டிய பையன்களில் ஒருவனுக்கு ஓசூர் தொழிற்சாலையில் ஷிப்டு மாற்றிக் கொடுக்கவில்லையாம். வசனம் இல்லை, அரிதாரம் இல்லை, ஆட்டம் இல்லை. பள்ளி நாடகத்தில் மரமாக நின்றதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேடம் இது. ஒப்புக்கொண்டேன்.

சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஒரு பஸ், அங்கிருந்து பாலக்கோட்டுக்கு இன்னொன்று. விடியற்காலையில் தக்காளி ஏற்றிய வண்டிகள் பஸ்ஸை முந்திக்கொண்டு மண்டிக்குப் பறந்தன. படுகளத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே போய்விட்டேன். காப்புக் கட்டிக்கொண்டவன் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, கவிச்சி கூடாது, கட்டிலில் படுக்கக்கூடாது. அத்தை மூன்று வேளையும் கேழ்வரகுக் களியும் கீரையும் போட்டார். குறை சொல்ல மாட்டேன், இரண்டாம் நாளே அந்தக் களிக்கு அடிமையாகிவிட்டேன்.

நான் சதானீகன், நகுலனின் மகன். இதைச் சொன்னவர் பிரசங்கியார். கோயில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே ஐந்து பெயர்களையும் அடுக்கினார்: பிரதிவிந்தியன், சுதசோமன், சுருதகர்மன், சதானீகன், சுருதசேனன். வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைப் பத்துப் பருவங்களோடு, இந்தப் பிள்ளைகள் சாகும் சௌப்திக பருவத்தோடு நிறுத்திக்கொண்டார் என்றும் சொன்னார். "உங்கள் சாவுக்குப் பிறகு அவருக்கே பாட மனம் வரவில்லை போலிருக்கிறது" என்று சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கோயிலுக்கு எதிர்த் திடலில் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். இரவெல்லாம் மண் குழைத்துப் பூசி எழுப்பிய உடம்பு. தலையிலிருந்து கால்வரை நடந்து பார்த்தேன், பதினாறு எட்டு. சுண்ணாம்பில் கண், கரியில் மீசை. வலது தொடையில் மட்டும் மண் ஈரமாக இருந்தது. உள்ளே குங்குமம் கரைத்த தண்ணீர்ப் பானையைப் புதைத்து மேலே மெழுகியிருந்தார்கள். அந்த இடத்தை மிதித்துவிடாதபடி ஒரு பெரியவர் கம்போடு காவல் நின்றார். என்னையும் விரட்டினார்.

கதைப்படி துரியோதனன் தொடை பிளந்து விழுந்த பிறகு, அன்றிரவுதான் பிள்ளைகள் சாகிறார்கள். எங்களைக் காலை ஒன்பது மணிக்கே சாகடித்துவிட்டார்கள். கரும்பலகையில் எழுதிய நேரப்படி கூத்து நடக்காது என்பது எனக்குத் தெரியும். பாரதமே அப்படித்தான் என்பது அன்று தெரிந்தது. ஐந்து பேரையும் வரிசையாகப் படுக்கவைத்து, மஞ்சள் பூசி, மாலை போட்டு, கழுத்துவரை வெள்ளைத் துணியால் மூடினார்கள். "கண்ணைத் திறந்தால் ஊருக்கு ஆகாது" என்றார் பூசாரி. அவ்வளவுதான் ஒத்திகை.

அதன் பிறகு நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. ஊரே பார்த்த படுகளத்தை நடுவில் கிடந்து பார்க்காதவர்கள் நாங்கள் ஐந்து பேர்தான். எனக்கு இருந்ததெல்லாம் காது. மத்தளம் ஒரு பக்கத்திலிருந்து நெருங்கி வந்து தலைமாட்டில் இடித்துவிட்டுப் போகும். முகவீணை எங்கோ உச்சியில் அழும். பீமனும் துரியோதனனும் மண்ணுடம்பைச் சுற்றி ஓடும்போது சலங்கைச் சத்தம் முதுகுக்குக் கீழே தரையிலேயே அதிரும். "மாட்டினான்!" என்று கூட்டம் கத்தும், உடனே ஓவென்று சிரிக்கும், துரியோதனன் கூட்டத்துக்குள் புகுந்து தப்பிவிட்டான் என்று நானே ஊகித்துக்கொள்வேன். இதற்கிடையில் ஒரு குழந்தை மிகத் தெளிவாகச் சொன்னது: "அம்மா, செத்த மாமாவுக்கு வயிறு ஏறி இறங்குகிறது." பக்கத்தில் கிடந்த சுதசோமன் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

பத்து மணிக்கு மேல் மண் சுட ஆரம்பித்தது. பிறகு எறும்பு. இடது காதுமடலில் ஏறி, உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கையை அசைக்க முடியாது. தொடை பிளந்த சத்தம் கேட்டது, குலவை எழுந்தது, திரௌபதி கூந்தல் முடிகிறாள் என்று ஆர்மோனியக்காரர் பாடுகிறார், என் நினைப்பெல்லாம் எறும்பு.

அப்போதுதான் பெண்கள் ஒப்பாரி வைக்க வந்தார்கள். ஒருவர் என் தலைமாட்டில் உட்கார்ந்தார். வெற்றிலை வாசம். நடுங்கும் குரலில் "ராசா, பால் குடித்த வாய்க்கு மண்ணா போட்டார்கள்" என்று இழுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கன்னத்தில் சுடச்சுட ஒரு துளி விழுந்தது. பாட்டின் நடுவே குனிந்து என் காதில் நீளமாக ஊதினார். செத்தவனுக்கு உயிர் ஊதும் சடங்கு என்று நினைத்துச் சிலிர்த்துப்போனேன்.

மஞ்சள் தண்ணீர் முகத்தில் விழுந்ததும் எழுந்தோம். கண் கூசியது. துரியோதனன் இருந்த இடத்தில் மண்மேடுதான் இருந்தது. குதிரில் போட ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டிருந்தார்கள். கால் மரத்துப்போயிருந்ததால் நான் நகுலன் மகனுக்குரிய அழகோடு எழவில்லை என்று மாமா பிறகு சொன்னார்.

மாலை தீமிதி முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒரு கிழவி அருகில் வந்து என் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அந்த வெற்றிலை வாசம்.

"கடித்துவிட்டதா? நான்தான் அழுதுகொண்டே ஊதிவிட்டேனே" என்றார்.