மூணாவது தடவையா மெய்டன்ஹேர் ஃபெர்ன்

கொடைக்கானல் போனா எல்லாரும் சாக்லேட் வாங்குவாங்க, நான் மெய்டன்ஹேர் ஃபெர்ன்ங்கிற பெரணிச் செடி வாங்குவேன், அது சென்னைக்கு வந்து பத்தே நாள்ல கருவாடா காஞ்சுடும், இப்படி ரெண்டு செடி போயாச்சு. இது மூணாவது. பிப்ரவரில வச்சேன், இப்ப ஜூலை, இன்னும் உயிரோட இருக்கு, அந்த தைரியத்துலதான் எழுதுறேன்.

முதல் செடிய ஹால்ல ஃபேனுக்கு நேர் கீழ வச்சுட்டு காலைல சாயங்காலம் ஸ்ப்ரே அடிச்சேன். அந்த இலைல தண்ணி ஒட்டவே ஒட்டாது, சேப்பங்கிழங்கு இலை மாதிரி உருண்டு ஓடிடும் (அடியாண்டம்னு பேரு, கிரேக்கத்துல நனையாததுன்னு அர்த்தம்!). மேல நனைச்சுட்டே இருந்தேன், அடில வேர் காஞ்சு கிடந்துருக்கு. ரெண்டாவதுக்கு பயந்துபோய் போர் தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்தினேன், தொட்டி விளிம்புல வெள்ளையா உப்பு பூத்துச்சு, இலை ஓரமெல்லாம் கருகி அதுவும் காலி.

அப்புறம் பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப சித்தப்பா தோட்டத்து கிணத்த எட்டிப் பாக்குறேன், கல் இடுக்குல அதே சாதி, கறுப்பு கம்பி மாதிரி காம்போட கொத்துக் கொத்தா தொங்குது. "இதுக்கா காசு குடுக்குற? நாங்க கிணறு சுத்தம் பண்றப்ப பிடுங்கி எறியுறோம்டா"ன்னார். அங்க நேர் வெயில் இல்ல, காத்து அடிக்கல, கல்லு எப்பவும் ஈரம், ஆனா வேர்ல தண்ணி தேங்கல.

அதையேதான் வீட்ல பண்ணிருக்கேன். நாலஞ்சு தடவை அலசின கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) ரெண்டு பங்கு, இலை மக்கு ஒண்ணு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) ஒண்ணு. 5 இஞ்ச் பிளாஸ்டிக் தொட்டில நட்டு, அத 8 இஞ்ச் மண்தொட்டிக்குள்ள இறக்கி, இடைவெளில ஆத்து மணல் போட்டு, அந்த மணல் மட்டும் காயாம பாத்துக்கறேன். ஊத்துறது பிடிச்சு வச்ச மழைத்தண்ணி, அது தீந்தா ஏசில சொட்டுற தண்ணி. இடம், வடக்கு பாத்த பாத்ரூம் ஜன்னல்.

ஏப்ரல்ல நாலு நாள் கல்யாணத்துக்கு போயிட்டு வந்தா மொத்தமும் மொறுமொறுன்னு அப்பளம். காஞ்ச இலை திரும்ப பச்சையாகாது, அதனால மண்ணோட மட்டமா எல்லாத்தையும் வெட்டிட்டு ஈரத்த மட்டும் விடல, வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க, பதினெட்டாம் நாள் செம்பு நிறத்துல ஒரு துளிர், சின்ன நத்தை மாதிரி சுருண்டுகிட்டு எட்டிப் பாத்துச்சு. இப்ப இருபதுக்கு மேல இலை.

போன வாரம் இலைக்கு அடில ஓரம் மடிஞ்சு பழுப்பா இருந்துச்சு, பூச்சின்னு நெனச்சு மருந்து எடுக்கப் போயிட்டேன், பாத்தா அது வித்து (ஸ்போர்), அந்த மடிப்புக்குள்ளதான் இருக்குமாம்.

பால்கனில பாஸ்டன் ஃபெர்ன் தொங்குது, அது முரட்டு ஆளு, நிழல் குடுத்து வாரம் நாலு தடவை தண்ணி விட்டா போதும். மெய்டன்ஹேர்ல ஒரு துண்டு பிரிச்சு அதுக்கு கீழ வச்சுப் பாத்தேன், ரெண்டு இலை கருகிடுச்சு. மழை பிடிக்கட்டும்னு உள்ள தூக்கி வச்சிருக்கேன்.