வெங்காரம் விளைந்த பள்ளத்தாக்கில் அப்பாவோடு

கலிஃபோர்னியாவின் பாலைவனப் பள்ளத்தாக்கான டெத் வேலிக்கு ஆர்.வி.யில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியில், போனதற்குக் காரணம் அப்பா. கோவையிலிருந்து எங்களோடு மூன்று மாதம் இருக்க வந்திருந்தார், மூட்டுவலி, நினைத்த நேரத்தில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். லாஸ் வேகஸில் 25 அடி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். முதல் வளைவிலேயே அலமாரி திறந்து டம்ளரெல்லாம் உருண்டது, அப்புறம் கிளம்பும்போதெல்லாம் கதவுகளை இழுத்துப் பார்ப்பது மகளின் வேலையானது.

முதலில் நெவாடாவில் பீட்டி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ரயோலைட். 1904-ல் தங்கம் கிடைத்து முளைத்த ஊர். ரயில் வந்தது, மூன்று மாடியில் வங்கி வந்தது, பிறகு ஊரே காலியாகி, 1916-ல் மின்சாரத்தையே நிறுத்திவிட்டார்கள். வங்கியின் மொட்டைச் சுவர்களைவிட எனக்குப் பாட்டில் வீடுதான் பிடித்தது. மரத்துக்குப் பஞ்சம், மதுக்கடைகளில் காலி பாட்டிலுக்குப் பஞ்சமில்லை, அதனால் டாம் கெல்லி என்ற முதியவர் ஏறக்குறைய 50 ஆயிரம் பாட்டில்களை மண்சாந்தில் படுக்கவைத்துக் கட்டியிருக்கிறார். வெளியே தெரிவது பாட்டில்களின் அடிவட்டங்கள் மட்டும், சாயங்கால வெயிலில் பழுப்பும் பச்சையுமாக.

இரவு டெத் வேலிக்குள் ஃபர்னஸ் கிரீக்கில் தங்கினோம். 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம், நாங்கள் போன ஜனவரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தோசை சுட்டோம்.

காலையில் ஹார்மனி போராக்ஸ் ஆலை. போராக்ஸ் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். வெங்காரம் என்றேன். அப்படியே நின்றுவிட்டார். நாற்பது வருடம் தங்கப் பட்டறையில் உட்கார்ந்தவர், நகையில் பற்று பிடிக்க உதவும் அந்த வெங்காரத்தைக் கல்லில் நீர் விட்டு இழைத்து, பற்றுப்பொடி வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதி நகை பற்றவைத்தே எங்களை வளர்த்தவர்.

1883 முதல் 1888 வரைதான் ஆலை ஓடியது. சீனத் தொழிலாளர்கள் எதிரே தெரியும் வெள்ளைத் தரையிலிருந்து பஞ்சு உருண்டை போன்ற தாதுவைச் சுரண்டிக் கொண்டுவருவார்கள், நாள் கூலி ஒன்றரை டாலர், அதிலும் சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் பிடித்தம். தாதுவைக் கொப்பரையில் கொதிக்கவைத்து, தெளிந்த நீரைத் தொட்டியில் ஆறவிட்டால் வெங்காரம் படிகமாகப் படியும். கோடையில் அந்த நீர் ஆறவே ஆறாதாம், காற்றே அவ்வளவு சூடு. அதனால் கோடைக்கு மட்டும், சூடு சற்றுக் குறைந்த அமர்கோசா பக்கம் வேறு ஆலை. அந்தக் கொதிப்பில் கொப்பரை பக்கத்தில் நின்றவர்களை நினைத்து எனக்கு மனசு ஆறவில்லை. அவர்கள் பெயர் ஒன்றுகூட அங்கே என் கண்ணில் படவில்லை.

சரக்கு ஏற்றிய மரவண்டிகள் அங்கேயே நிற்கின்றன. 18 கோவேறு கழுதையும் 2 குதிரையும் இழுத்து, 165 மைல் தாண்டி மொஹாவி ரயில் நிலையத்துக்குப் பத்து நாள் பயணம். பின்சக்கரம் மட்டும் ஏழு அடி. அப்பா சக்கரத்தின் இரும்புப் பட்டையைக் கையால் தடவிக்கொண்டே, “எங்க பட்டறைக்கு வந்த வெங்காரம் எந்த ஊரு மண்ணோ, ஒரு நாளும் கேட்டதில்ல கண்ணு” என்றார்.

அதன்பின் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புத்தரை, எல்லோரும் எடுக்கும் படத்தை நாங்களும் எடுத்தோம். அப்பா அதிகம் பேசவில்லை.

ராத்திரி வண்டிக்குள் சாப்பிட்டு முடித்ததும் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஜூஸ் டப்பாவின் ஸ்ட்ராவை ஊதுகுழல் மாதிரி பிடித்து, கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூச்சு விடாமல் ஊதுவது எப்படி என்று காட்டினார். அவளுக்கு நாலாவது தடவை வந்தது.